கன்னியம்மா கொண்டுவந்த அடைக்கோழிகள்

கன்னியம்மா போய்விட்டாள். காலையில் அவள் மகள் போன் செய்து, "தூக்கத்துலயே போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. மர்பி டவுனில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. அறுபதுகளில் தொம்மலூர் தாண்டி ஒரு கோழிப் பண்ணையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அப்போது எங்களுக்குப் பத்தொன்பது வயது.

எல்லாம் சீமைக் கோழிகள்... வெள்ளை வெளேரென்று, பெரிய கொண்டை சரிந்து ஒரு கண்ணை மறைக்கும். கிட்டத்தட்ட தினமும் முட்டை. இட்டதும் எழுந்து போய்விடும், திரும்பிக்கூடப் பார்க்காது.

கன்னியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. முதல் வாரமே ஒன்றைப் பிடித்து முட்டை மேல் வைத்து அமுக்கினாள். "உக்காருடி, உன் புள்ளைங்கதான்!" கையை எடுத்ததும் அது தீனியைப் பார்த்து ஓடியது.

சூப்பர்வைசர் சிரித்தார். "அடைக்கு உக்காந்தா முட்டை போடறது நின்னுடும்மா. அதான் உக்காராத கோழியாப் பாத்துப் பாத்து, வம்சம் வம்சமா இப்படி ஆக்கிட்டாங்க."

அவள் அந்த முட்டையை எடுத்து, சூடு ஆறும்வரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள்.

குஞ்சு பொரிப்பதெல்லாம் மெஷின். பேப்பரில் நொய்யைப் போட்டு, விரலால் தட்டித் தட்டிக் குஞ்சுகளுக்குக் கொத்தக் காட்டுவோம். பல்பு வெளிச்சம், கதகதப்பு, ஓயாத கீச்கீச்... இப்போதும் மதியம் கண் அசந்தால் அந்த ஷெட்டில்தான் போய் நிற்கிறேன்.

ஒரு நாள் காலை மெஷின் நின்றுவிட்டது. குஞ்சு வெளிவர ஒரு நாள்தான் பாக்கி. ரிப்பேருக்கு ஆள் தேடி சிட்டிக்கு ஓடிய சூப்பர்வைசர் அன்று திரும்பவில்லை.

கன்னியம்மா ஒரு முட்டையைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என் காதில் வைத்தாள். ஓட்டுக்குள் சன்னமாக ஒரு குரல்...

"கூப்புடுதுடி. வா, போலாம்."

வெளிக்கோழி பண்ணைக்குள் வந்தால் நோய் வரும், கொண்டுவந்தவருக்கு வேலை போகும். அதுதான் ரூல். தெரிந்தேதான் மர்பி டவுனுக்கு ஓடினோம். தெருவில் அடையிலிருந்த நாட்டுக்கோழிகளைக் கெஞ்சி வாங்கி ஆளுக்கொரு கூடையில் தூக்கி வந்தோம். அவள் கூடையில் நான்கு, என் கூடையில் மூன்று.

யாரும் அமுக்க வேண்டியிருக்கவில்லை. முட்டையைப் பார்த்ததும் தாமாகவே இறக்கையை விரித்து உட்கார்ந்தன. கொள்ளும் மட்டும் முட்டைகளை அடியில் தள்ளினோம்.

மறுநாள் குஞ்சுகள் வெளியே வந்தன. ஒரு கோழி "கொக்... கொக்..." என்று கூப்பிட்டது.

பக்கத்துத் தடுப்பில் போன வாரம் மெஷினில் பிறந்த குஞ்சுகள் இருந்தன. தாயின் குரலே கேட்டறியாதவை. அத்தனையும் சட்டென்று கீச்சை நிறுத்தின. பிறகு அந்தக் குரலைப் பார்த்து ஓடிவந்து தடுப்பில் மோதின.

கன்னியம்மா அழுதாள். நானும்தான்.

அப்போதுதான் சூப்பர்வைசர் ரிப்பேர்க்காரரோடு உள்ளே வந்தார். "யாருது இந்தக் கோழிங்க?"

"எல்லாம் என்னுது சார். நான் ஒருத்திதான் கொண்டாந்தேன்" என்றாள் கன்னியம்மா.

அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நான் குனிந்து பேப்பரில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன்...

அவள் வீட்டு நிலைமையும் அதேதான். எனக்குத் தெரியும்.

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். இரண்டு கூடையையும் அவளே தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கடைசிவரை. நானும் சொன்னதில்லை.

கன்னியம்மா... மூணு கோழி என்னுதுடி. எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். நீ தூங்கு.