ஞாயித்துக்கிழமை நான் விட்டுடுறேன்

அலுவலகக் கதவில் அவளுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அவளிடம் வருகிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடுவக்கா என்றுதான் சொல்வார்கள். பிரிந்து போகிற கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து, பிள்ளை எந்த நாள் யாரிடம், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு யார் போவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று பேசி முடித்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் நடுவிலேயே உட்கார்ந்து பழகியதில் வீட்டு சோபாவிலும் நடுவில்தான் உட்காருகிறாள் என்று அவள் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வார்.

"ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிறே. நம்ம வீட்டு ஜன்னலைத் திறக்கறதா மூடறதான்னு ஒரு முடிவு சொல்லு பார்ப்போம்."

அவளுடைய அறை இரண்டாவது மாடியில். வட்ட மேஜை, மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. சுவர்க்கடிகாரம் வருகிறவர்களின் முதுகுப் பக்கம் மாட்டியிருக்கும். நேரம் அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்த அறையில் "என் பொண்ணு" என்று யாராவது சொன்னால் மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். "நம்ம பொண்ணு" என்று மாற்றிச் சொன்னால்தான் பேச்சு மேலே நகரும். இன்னொரு கணக்கும் வைத்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். மரியாதை கூடக் கூட ஆபத்து.

வருகிறவர்கள் தமிழில் பேசுவார்கள், அவளும் தமிழிலேயே குறிப்பெடுப்பாள். ஒப்பந்தத்தை மட்டும் அவர்கள் குடியேறிய நாட்டின் அலுவலக மொழியில் எழுத வேண்டும். கையெழுத்து வாங்குமுன் ஒவ்வொரு வரியையும் திரும்பத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மற்ற மத்தியஸ்தர்கள் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஊர்ந்து போவார்கள். அவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இரண்டு மொழியிலும் படித்தவள், இரண்டிலும் கனவு காண்கிறவள். அந்தப் பெருமையை வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். உள்ளுக்குள் நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். அவன் பேருந்து ஓட்டுநர், அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். எட்டு வயதில் ஒரு பெண். முதல் நாளே இருவரும் 'நீங்க' போட்டுப் பேசினார்கள்.

மூன்றாவது அமர்வில் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. அவனுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் அது. அவளுக்கும் அதேதான். ஒன்றரை மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் பேச்சு யாருக்கு அந்த நாள் என்பதிலிருந்து, யார் கூட்டிப் போவது, யார் திரும்பக் கொண்டு வருவது என்று வழுக்கிப் போனது.

"சாயங்காலம் உங்க வீட்டு வாசல்ல வந்து நான் நிக்கமாட்டேன். சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"நிக்க வேணாம். ஞாயித்துக்கிழமை நான் விட்டுடுறேன்," என்றான் அவன்.

நடுவக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கடிகாரம் ஐந்தரை. இரண்டில் ஒருவர் இறங்கி வரமாட்டார்களா என்று ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவள் அவள். காது கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டது. "பெரிய மனசு தம்பி உங்களுக்கு," என்றாள். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கார் ஓட்டி வருவதற்கா இத்தனை பாராட்டு என்று அவன் கூச்சத்தோடு சிரித்தான். மனைவிகூட "தேங்க்ஸ்" என்றாள். குறிப்பேட்டில் நடுவக்கா எழுதிக்கொண்டது ஒரே வரி: ஞா. – அப்பா விட்டுடுறார்.

மறுவாரம் ஒப்பந்தம் தயாராக இருந்தது, எட்டுப் பக்கம். அவனுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"படிச்சுக் காட்டட்டுமா? இல்ல, நான் எழுதினாப் போதுமா?" என்றாள் நடுவக்கா.

"நீங்க எழுதினா சரியாத்தான்கா இருக்கும்," என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் செருப்புக் கடையில் அந்த மனைவியைப் பார்த்தாள். பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பள்ளிக்கூட ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைக் கேக்கணும்னே இருந்தேன்கா," என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "அன்னிக்கு நம்ம முன்னாடி, நானே கொண்டுவந்து விட்டுடுறேன்னு சொன்னவரு, அப்புறம் உங்களைத் தனியா வந்து பார்த்து ஞாயித்துக்கிழமையே வேணாம்னுட்டாரா?"

"தனியாவா?"

"பேப்பர்ல அப்படித்தானே இருக்கு. மொத ஞாயிறு பெல் அடிச்சாரு. பேப்பரை எடுத்து நீட்டினேன். நீங்களே வேணாம்னுட்டு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். படிச்சுப் பார்த்தாரு, ஒரு வார்த்தை பேசல, திரும்பிப் போயிட்டாரு. அப்ப நிஜந்தானே?"

கொண்டுவந்து விட்டுடுறேன். வீட்டில் விடுவது. பஸ் ஸ்டாப்பில் விடுவது. எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். நடுவக்காவுக்குக் கடையின் விளக்கெல்லாம் தன் முகத்தின் மேலேயே திரும்பினாற்போல் இருந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அதற்குப் பதிலாக அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். தொழிலில் பழகியது.

"அடுத்த மாசம் ஒப்பந்தத்துக்கு மீளாய்வுக் கூட்டம் வருதில்ல, அப்பப் பேசிக்கலாம்மா," என்றாள்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பையைப் பிரிக்கல ஆன்ட்டி. அப்பா வீட்டுக்குன்னு அன்னிக்குக் கட்டினது அப்படியே இருக்கு. ஒருவேளை வந்தா."

அன்று வீட்டுக்குப் போனதும் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்து அழகாகவே இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் எப்போதும்போல் ஏதாவது கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் செய்யவில்லை.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்லிடு."

"மீளாய்வுல திருத்தம்னு போட்டுச் சேர்த்துடலாங்க. யார் மனசும் புண்படாம முடிஞ்சிடும்."

"யார் மனசு?" என்றார் அவர். ஜன்னலை மூடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். அலுவலகத்தில் தணிக்கை நடக்கிறது என்று ஒரு காரணம். அந்த ஓட்டுநர் தம்பிக்குக் காலை ஷிஃப்டாக இருக்கும் என்று ஒரு காரணம். மீளாய்வுக்கு இன்னும் நாலு வாரம்தானே என்று ஒரு காரணம். பிறர் சொல்லும் சாக்குகளை வருஷக்கணக்காகக் கேட்டுத் தேர்ந்தவளுக்குத் தன் சாக்குகளின் தரம் நன்றாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே போகவில்லை. அப்பா கூட்டிப்போக வரவேண்டிய பத்து மணி ஆனால் ஒரு பை கண்முன் வந்து நின்றது.

மீளாய்வு ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பெண்ணும் வந்திருந்தாள், வெளியே வரவேற்புக்காரியிடம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உள்ளே நடுவக்கா தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"மூணு மாசம் ஆச்சு. நம்ம பொண்ணு நல்லதுக்கு, ஞாயித்துக்கிழமைய அப்பா பக்கம் திரும்பச் சேர்த்துக்கலாமான்னு ஒரு யோசனை. ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றாள் மனைவி. "வேணாம்னு விட்டவரு அவருதான். அவரையே கேளுங்க."

இவ்வளவு சுலபமா என்று நடுவக்கா பேனாவை எடுத்துவிட்டாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லைக்கா. ஆனா என் கையெழுத்து இருக்கு. நீங்களும் அன்னிக்குப் பெரிய மனசுன்னீங்க. நீங்க தப்பா எழுதமாட்டீங்க. அப்ப நான்தான் டென்ஷன்ல ஏதோ உளறியிருக்கேன். பெத்த பொண்ணை வேணாம்னு வாயில வந்திருக்குன்னா நான் என்ன மனுஷன்? அதான் உங்களுக்குப் போன்கூடப் பண்ணல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பண்றது."

பேனா நின்றது. அவளுடைய வெட்கத்தை இன்னொருவன் பதினொரு வாரமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். அதையும் அவள் மேல் வைத்த நம்பிக்கையால்.

குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க உளறல தம்பி. நீங்க சொன்னது பொண்ணைக் கொண்டுவந்து வீட்ல விடுறேன்னு. நான் ஞாயித்துக்கிழமையவே விட்டுக்கொடுக்கறீங்கன்னு எழுதிட்டேன். படிச்சுக் காட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். காட்டல."

வெளியே லிஃப்ட் வந்து நின்று, திறந்து, மூடிக்கொண்டது.

"நீ இதனாலதான் வரலையா?" என்று மனைவி அவனைக் கேட்டாள். அந்த 'நீ' நடுவக்காவின் காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "பதினொரு ஞாயிறு," என்றான்.

மனைவி நடுவக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்னிக்குத்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "செருப்புக் கடையில," என்றாள்.

"அப்பவே தலையாட்டினீங்களே."

"ஆட்டினேன்."

"அப்ப அதுக்கப்புறம் போன நாலு ஞாயிறு தெரிஞ்சே போனது."

டிஷ்யூ பெட்டி மேஜையின் நடுவில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை மற்றவர்கள் பக்கம் நகர்த்தித்தான் நடுவக்காவுக்குப் பழக்கம். தனக்கென்று எடுக்கக் கை வரவில்லை.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்கக்கா," என்றான். "நான் சொன்னா அப்பா சாக்குச் சொல்றாருன்னு நினைப்பா."

நடுவக்கா வெளியே போய்ப் பெண்ணின் நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் சொடுக்கியது. அப்பாவும் அம்மாவும் கதவருகே நின்றார்கள்.

"அப்பா ஞாயித்துக்கிழமைய விடலம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன்னை வீட்ல கொண்டுவந்து விடுறேன்னுதான் சொன்னாரு. நான் தப்பா எழுதிட்டேன். தப்புன்னு தெரிஞ்சப்புறமும் யார்கிட்டயும் சொல்லல."

பெண் கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"உங்களுக்குத் தமிழ் வராதா?"

வரவேற்புக்காரி குனிந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

"வரும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எங்க டீச்சர் முழுசாக் கேட்டுட்டு எழுதுன்னு சொல்வாங்க," என்றாள் பெண். பிறகு அப்பாவைப் பார்த்து, "பை கட்டியேதான் இருக்கு. ஆனா ஸ்வெட்டர் இப்பப் பத்தாது," என்றாள்.

அந்த வாரமே நடுவக்கா நடந்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். தம்பதி வேறு மத்தியஸ்தர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த அறைக்காரரிடம் வழக்கு போயிற்று, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். இரண்டு அறைக்கும் நடுவில் வெறும் அட்டைச் சுவர்தான். புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அவள் தன் அறையில் வேறு ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மொழிபெயர்ப்பாளருடைய தமிழ் ரொம்பக் கரடுமுரடு, லகரமும் ழகரமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. முன்பெல்லாம் அதைக் கேட்டு உதட்டுக்குள் சிரித்திருக்கிறாள். இப்போது அவர் நிறுத்தி நிறுத்தி, இது சரியா, இது சரியா என்று இருவரையும் கேட்டுக் கேட்டு, எட்டுப் பக்கத்தையும் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு வரியைக்கூட விடவில்லை.