மீட்டரில் குறையாத உப்பு

போன வாரம் எங்கள் முத்தியால்பேட்டை அபார்ட்மென்ட்டில் ஆட்சி கவிழப் பார்த்தது. காரணம், என் கணவர் ஆன்லைனில் வாங்கிய ஒரு மீட்டர்.

பேனா சைஸ்தான். முனையைத் தண்ணீரில் வைத்தால், மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். உப்பு கூடினால் எண்ணும் கூடும். மனுஷன் சும்மா விடுவாரா? குடிதண்ணீர், இளநீர், என் ரசம்... எல்லாவற்றிலும் முக்கினார். ரசத்தைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்!

அதோடு நின்றிருக்கலாம். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஹீட்டரில் வெள்ளை வெள்ளையாகப் படியும். செகரட்டரி ரஃபி பாய் வீடு வீடாகப் பேசி, மொட்டை மாடியில், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் ஒரு சாஃப்ட்னர் மெஷின் வைக்க வைத்திருந்தார். என்னவர் மெஷினுக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்தார். எண் குறையவே இல்லை!

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மீட்டிங். "உப்பு அப்படியேதான் இருக்கு. மெஷின் டம்மி, பாய்!" என்று மீட்டரைத் தூக்கிக் காட்டினார்.

ரஃபி பாயின் முகம் வாடிவிட்டது. "என்மேல நம்பிக்கை இல்லன்னா செகரட்டரி வேலைய விட்டுடறேன் சார்."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது, வீட்டுக்காரர் மேல்.

அப்போதுதான் பிரெஞ்சு கலந்து பேசும் கீழ்வீட்டு மதாம் ஜோசபின் எழுந்தார். "நோன், நோன்! இந்த மெஷின் வந்ததுலேர்ந்து என் தலமுடி பட்டு மாதிரி இருக்கு. அது பொய்யா? ரெண்டு பக்கெட் கொண்டாங்க!"

ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். ஒரே சோப்பு. முதல் பக்கெட்டில் திரிதிரியாக ஏதோ மிதந்தது. அடுத்ததில் நுரை பொங்கி வழிந்தது! மாடியே கைதட்டியது.

உடனே எல்லோரும் செல்போனைத் தட்டினோம். விஷயம் இதுதான்: சாஃப்ட்னர் உப்பைக் குறைப்பதில்லை. நுரையைக் கெடுக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. மீட்டர் எவ்வளவு என்று சொல்லும். எது என்று சொல்லாது. நாம்தான் எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிள்ளைகளின் மார்க்கிலும் அதைத்தானே செய்கிறோம்?

"சாரி பாய். அவசரப்பட்டுட்டேன்" என்றார் என்னவர்.

ரஃபி பாய் சிரித்துவிட்டார். "ராஜினாமா வாபஸ். ஆனா ஒரு கண்டிஷன். இந்த மெஷினுக்கு அப்பப்ப உப்பு கொட்டணும், அதான் அதுக்குத் தீனி. இனிமே அது உங்க டியூட்டி சார்."

நேற்று லிஃப்ட் வேறு ரிப்பேர். உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிப் படியேறியவருக்கு, உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மீட்டரே தேவைப்படவில்லை!