அம்பு வைக்காத வில்

பழைய மரவில்லைப் பழுது பார்ப்பவனிடம் எல்லாரும் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். சொன்ன வயது குறைந்துவிட்டால் வந்தவர் முகம் தொங்கிவிடும். பழைய கடிகாரம், பழைய ரேடியோ என்று ஏதாவது ஒன்றோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, உங்களுக்கும் இது பழகியிருக்கும். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில், நண்பன் மஞ்சுவின் லேத் பட்டறையில் ஒரு மூலை எனக்கு. அங்கே வந்த ஒரு வில்லைப் பற்றித்தான் இது.

தேய்மானம்

பாரூர்ப் பக்கம் கரும்பு விவசாயம் செய்யும் கோவிந்தராஜ் அண்ணன், பழைய வேட்டியில் சுற்றி அதைப் பஸ்ஸில் கொண்டுவந்தார். நன்றாக வளையும் தடசு மரம். செதுக்கிய வெட்டுகளைப் பார்த்தால் தாராளமாக நாலு தலைமுறை இருக்கும். வயதை நிச்சயம் செய்ய நான் பிடிக்கு மேலேதான் பார்ப்பேன். அம்பு உரசி உரசி அங்கே ஒரு வழவழப்பு விழுந்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நாண் மாட்டும் நுனிகள் இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. சும்மா தொங்கிய வில் இல்லை.

காரணம் கேட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துப் பாவப்பட்டவர்போலச் சொன்னார்: "எங்க வீட்ல யாரும் இதுல அம்பு வெச்சதில்ல தம்பி. வெறும் நாணைத்தான் இழுத்து விடுவோம்."

நிபந்தனை

அம்பில்லாமல் நாணை விட்டால், அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பும். நல்ல வில்லே பத்து இருபது தடவையில் உடைந்துவிடும். இவர்கள் வருஷா வருஷம் பாரிவேட்டை அன்று, சாமி வேட்டைக்குப் புறப்படும்போது, ஏரிக்கரையில் நின்று இப்படித்தான் விடுகிறார்களாம். முன்னோர் ஒருவர் புதரில் மான் என்று நினைத்து விட்ட அம்பு, கூடப் பிறந்தவன் மேல் பாய்ந்ததாம். அன்றிலிருந்து அம்பு கிடையாது.

அப்பா போன பிறகு, இந்த வருஷம்தான் கோவிந்தராஜ் அண்ணன் முதல்முறையாக இழுக்கப் போகிறார். அவர் கையில் வில் உடைந்தால் சாமி அந்த வீட்டை விட்டுப் போய்விட்டதாக அர்த்தம். வில் இழுக்கும் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். மரத்தில் ஒரு மயிரிழை விரிசல் கண்ணில் பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. இழுத்துப் பார்க்காமல் வில்லைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்டேன். விழா நாளுக்கு முன்னால் யாரும் அதை இழுக்கக் கூடாதாம். "உடையுமா உடையாதான்னு நீ சொல்லு. ஆனா தொட்டு இழுக்காம சொல்லு."

மத்தியானம்

சாப்பாட்டு நேரம். கரண்ட் இல்லாததால் லேத் ஓடவில்லை. மஞ்சு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். அப்போது மூலையிலிருந்து நாண் விடுபடும் ஓசை கேட்டது. 'டங்' என்று ஒரே ஒரு தடவை. பேய்க்கதை கேட்டே வளர்ந்தவன் நான். உடனே எழுந்து பார்க்கவில்லை. ஏதோ தகரம் வெயிலில் விரிந்திருக்கும் என்றேன்.

மஞ்சு ஆனேக்கல் பக்கத்துக்காரன், தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவான். சுவரில் சாய்ந்திருந்த வில்லைப் பார்த்தான். வெறும் கட்டை. அப்புறம் என்னைப் பார்த்தான். "நாணு உன் பையில இருக்குது குரு. அப்ப சத்தம் எங்கிருந்து வந்துச்சு, ஹேளு, சொல்லு."

பிடிக்கு அடியில்

விரிசல் எங்கே முடிகிறது என்று பார்க்கப் பிடியின் தோலைப் பிரித்தேன். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு மரம். மேல்பாதி புதுசு, பழைய வெட்டுகளைப் போலவே செதுக்கி, நுனியையும் தேய்த்து என்னையே ஏமாற்றியிருந்தது; தச்சர்கள் இப்போது வாங்கும் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தது. அப்படியென்றால் அவர் அப்பா காலத்து வேலைதான். இந்த வில் ஏற்கெனவே ஒருமுறை உடைந்திருக்கிறது. அந்த ஒட்டும் முதல் வருஷமே விட்டிருக்க வேண்டும், விடவில்லை.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் வரவழைத்துக் காட்டினேன். ஒட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். விழாவில் உடைந்திருந்தால் முறை அன்றே கைமாறியிருக்கும்; உடையுமோ என்ற இதே பயத்தில் அவர் அப்பாவும் யாருக்கும் தெரியாமல் முன்கூட்டியே இழுத்துப் பார்த்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. "அப்பாவுக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சு தம்பி. கரும்புத் தோகை அறுத்ததுன்னு சாகற வரைக்கும் சொன்னாரு."

ஏரிக்கரை

ஒட்டைப் பிரித்து, பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி, பட்டுநூல் சுற்றி, தோல் போட்டுக் கொடுத்தேன். இந்த ஒரு வருஷம் அம்பு வையுங்கள் அண்ணா என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. உடைந்தால் என் பேரும் சேர்ந்து போகும் என்பதால் நானும் பாரூர் போனேன்.

யாரும் சொல்லாமலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஏரி வரைக்கும் ஒரு பாதை விட்டு நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, எப்பவும் அப்படித்தான் என்றார்கள். பங்காளி முன்வரிசையில் கைகட்டி நின்று, "கண்ணை மூடிக்கோண்ணா, மரச் செலாம்பு தெறிக்கும்," என்றார். கோவிந்தராஜ் அண்ணன் காதுவரை இழுத்து விட்டார்.

வெறும் வில்லை விட்டால் கேட்கும் அந்த வறட்டுச் 'சடார்' எனக்கு நன்றாகத் தெரியும். அது கேட்கவில்லை. அம்பு கிளம்பும் மெத்தென்ற ஓசை கேட்டது. அப்புறம் ஏரி நடுத்திட்டில் உட்கார்ந்திருந்த கொக்குக் கூட்டம் நேர்கோடாக இரண்டாகப் பிளந்து எழுந்தது. பங்காளி கையைக் கீழே விட்டுவிட்டார். மேளம் தொடங்கியது. கோவிந்தராஜ் அண்ணன் வில்லை இறக்காமலே என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "கை அதிரவே இல்ல தம்பி. என்னமோ ஒண்ணு கனமா கெளம்பிப் போச்சு."

வில்லின் வயது என்ன என்று யார் கேட்டாலும் இப்போதும் சொல்லிவிடுகிறேன். அது எதை எய்கிறது என்று கேட்பவர்களை மட்டும், அன்று அந்த 'டங்'கை என்னோடு கேட்ட மஞ்சுவிடம் அனுப்பிவிடுகிறேன்.