பன்னிரண்டு கிளப்பும் ஒரு மாப்பிள்ளையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வந்தார், சமோசா வந்தது, டீ வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது... திடீரென்று நடுவில் ஓர் இத்தாலிக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

நேரில் அல்ல. சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து.

பெண்ணின் அப்பா என் நண்பர் அருளப்பன். பர்மாவில், யாங்கோன் நகரத்தின் கியாக்டடா பகுதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மூன்றாவது மாடியில் வீடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே தெரு, அதே கடை, அதே நாற்காலி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் தன்லியின் ஊருக்குப் போய்வந்தாலே ‘வெளியூர் போயிருந்தேன்’ என்று சொல்கிறவர். பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றால், “எதுக்கு?” என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் ஆயுளில் பாதியை யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? ஓர் ஊரிலும் கால் தரிக்காத இத்தாலியக் கால்பந்து ஸ்ட்ரைக்கர் ஒருவனுக்கு!

பெயர் ரென்சோ. ‘அவர்’ என்று எழுதாததற்கு மன்னிக்கவும். அருளின் வாயில் அவன் எப்போதும் ‘அவன்’தான். கேட்டுக் கேட்டு எனக்கும் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

யாங்கோன் டீக்கடைகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே கால்பந்து ரசிகர்கள் கிளப் பார்த்துத்தான் உட்காருவார்கள். எங்கள் தெருக் கடையில் டிவிக்கு நேர் எதிரே சிவப்பு ஜெர்சிக்காரர்களின் மேஜை. தூணுக்குப் பக்கத்தில் நீலம். இத்தாலிக் கிளப்புகளை விரும்பும் இரண்டு மூன்று பேருக்குக் கை கழுவும் இடத்துக்கு அருகே ஒரு மூலை. மேஜை மாறி உட்கார்ந்தால் தீர்ந்தது — கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

எல்லோரும் கிளப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அருள் ஆளைப் பிடித்துக்கொண்டார். ரென்சோ எந்தக் கிளப்புக்குப் போகிறானோ, டீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அருளும் அந்த மேஜைக்குப் போய்விடுவார்.

அவனோ பன்னிரண்டு கிளப்புக்கு ஆடியவன்!

தெற்கு இத்தாலியில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அப்பா ரொட்டிக் கடைக்காரர். உள்ளூர் மூன்றாம் டிவிஷன் கிளப்பில்தான் ஆரம்பித்தான். அது திவாலானது. வடக்கே ஒரு கிளப் அவனை வாங்கியது. அங்கிருந்த கோச் கோல் அடிக்கிறவனைப் பிடித்து ஓரத்தில் ஓடவிட்டார். அடுத்து லோனில், அதாவது இரவலாக, சிசிலிக்குப் போனான், அங்கே கோல் மேல் கோல். அதைப் பார்த்துப் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டது. போனால் அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்டார்... இவனுக்கு பெஞ்ச். அதற்குப் பிறகு இங்கிலாந்து. மழையில் நனைந்து, குளிருக்குப் பழகி, ஒருவழியாகக் கோல் அடிக்க ஆரம்பித்த நேரத்தில் கோச்சையே மாற்றிவிட்டார்கள். ஸ்பெயினில் முழங்கால் போனது. துருக்கியில் சம்பளம் வரவில்லை. திரும்பி வந்து இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டான். ஏறியதும் ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்று கையில் பெட்டியைக் கொடுத்தார்கள்.

இடையில் இன்னும் சில கிளப்புகள் உண்டு. எனக்கு வரிசை மறந்துவிடும், அருளுக்கு மறக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கும். கடைசியில் ஒரே வசனத்தில் முடிப்பார்: “அவன் என்னப்பா பண்ணுவான்?”

ரென்சோவிடம் ஒரு பழக்கம் உண்டு. தான் முன்பு ஆடிய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாட மாட்டான். துள்ளமாட்டான், ஜெர்சியைக் கழற்றிச் சுழற்ற மாட்டான். இரண்டு கையையும் மெல்லத் தூக்கி, அந்தப் பக்கத்து ரசிகர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்பான். ஒன்பது, பத்து கிளப் ஆனபிறகு பாவம், இத்தாலியில் அவனால் நிம்மதியாகக் கொண்டாடக்கூடிய கோலே இல்லாமல் போய்விட்டது. அவன் அப்படிக் கை தூக்கும்போதெல்லாம் அருள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “பாத்தியா? சோறு போட்ட எடத்த மறக்க மாட்டான்” என்பார்.

துருக்கிக் கிளப்புக்கு எங்கள் டீக்கடையில் மேஜை ஏது? அப்போதுதான் அவர் என் மேஜைக்கு வந்தார். எனக்குக் கால்பந்து சுத்தமாகத் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை புரிந்ததில்லை. எந்தக் கிளப்பும் இல்லாதவன் மேஜை என்பதால் எந்தக் கிளப்பும் உட்காரலாம், அவ்வளவுதான். எங்கள் நட்பு அப்படி ஆரம்பித்தது.

கடைசி சீசனில் ரென்சோ, முழங்காலில் கட்டோடு, சொந்த ஊரில் புதிதாக ஆரம்பித்திருந்த சின்ன கிளப்புக்குத் திரும்பினான். அங்கேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அருள் என் மேஜையில் நிரந்தரமாகிவிட்டார்... டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சரி, பெண் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம்.

அருளின் ஒரே மகள் ஸ்டெல்லா. ஒரு கிளினிக்கில் லேப் வேலை. சர்ச்சில் அவளோடு பாடல் குழுவில் பாடுகிறவன் டேனியல், தன்லியின் ஊர்ப் பையன். ஃபிரிட்ஜ், ஏசி, ஐஸ் மெஷின் எல்லாம் பார்க்கிற மெக்கானிக். இருவருக்கும் பிடித்துவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா தெரசாவுக்கும் சம்மதம். அருளுக்கு மட்டும் ஒரு முள்.

“ஆறு எடம் மாறியிருக்கான். ஒரு வேலைல நிக்காதவன் வீட்டுல நிப்பானா?”

தெரசா எனக்கு போன் செய்தார். “அண்ணே, நீங்க வந்து பக்கத்துல இருங்க. இவரு வாயத் தொறந்தா காரியம் கெட்டுரும்.” போனேன்.

டேனியல் தன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். உள்ளே நுழைந்ததும் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். பக்கத்திலேயே இரண்டு கையையும் தூக்கி நிற்கும் இன்னொரு படம் — அதற்கும் ஒரு சிலுவை போட்டார். அது ரென்சோ என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அருளுக்கு மட்டும் முகத்தில் லேசாக ஒரு பெருமை.

பிறகு விசாரணை ஆரம்பித்தது.

“மொதல்ல எங்க வேலை பாத்தீங்க?”

“தன்லியின்ல ஒரு கார்மென்ட் ஃபேக்டரி, ஊலே. மூடிட்டாங்க.” ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா, சித்தப்பா எல்லாம்தான்.

“அப்பறம்?”

“டவுன்ல ஒரு ஹோட்டல். டூரிஸ்ட்டு வரல.”

“அப்பறம்?”

“ஐஸ் ஃபேக்டரி. முதலாளி மகனோட சண்டை. தப்பு பாதி எம்மேலதான்.”

அருள் விடவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கடை மூடியது, ஏதோ ஒரு மேனேஜர் மாறினார். கடைசியில் டேனியல் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “இப்ப பாங்காக்ல ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல கூப்பிடறாங்க, ஊலே. கல்யாணம் ஆனா ரெண்டு பேருமா போகலாம்னு...”

அருளின் முகம் இறுகிவிட்டது. “ஒரு மனுசன் எத்தன எடம்ப்பா மாறுவான்?” என்றார்.

தெரசா சுவரைப் பார்த்தார். நானும் சுவரைப் பார்த்தேன். என் வாயை மூடிக்கொண்டிருக்கவா அழைத்தார்கள்? அருளின் வாயை மூடத்தானே அழைத்தார்கள்? ஆகவே கேட்டுவிட்டேன். “பன்னண்டு எடம் மாறினவன சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கியே அருள்?”

“அது வேற!” அருள் வெடித்தார். “அவனுக்கு நான் பொண்ணா குடுத்தேன்?”

யோசித்துப் பாருங்கள். ரசிகராக இருக்கும்போது நம் மனசு எவ்வளவு பெரியது! திரையில் ஓடுகிறவன் எங்கே போனாலும் அவன் பக்க நியாயத்தை நாமே தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். அதே காரணங்களோடு ஒரு பையன் நம் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தால்... அந்தப் பெரிய மனசு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

அந்த நேரத்தில்தான் டேனியலின் போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கட் செய்தான். மறுபடி அடித்தது. “மன்னிச்சுக்குங்க ஊலே, ஒரு நிமிசம்” என்று எடுத்தான்.

பர்மிய மொழியில் பேசினான். ஏதோ மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது. போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டான். எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். ஒரு நிமிடம் என்றது நீண்டுகொண்டே போனது. கடைசியில் அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

“யாரு?” என்றார் அருள்.

“பழைய ஐஸ் ஃபேக்டரி.”

“சண்ட போட்டுட்டு வந்தேன்னீங்களே?”

“ஆமா ஊலே. அவங்கதான். மத்த எடத்துல இருந்தும் கூப்பிடுவாங்க.” அவன் கூச்சத்தோடு சிரித்தான். “ஐஸ் இல்லாட்டி சந்தைல மீனெல்லாம் கெட்டுரும். அவங்க மேலதான கோவம்? மீன் மேல என்ன கோவம்?”

அருள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். எனக்குத் தெரியும் அந்தத் துடைப்பு! காரியம் முடிந்தது என்று நான் இன்னொரு சமோசாவை எடுத்தேன். ஆனால் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். சமோசாவும் கையுமாகப் பின்னால் போனேன்.

“நல்ல பையன்ப்பா” என்றார். குரல் சரியில்லை. “நல்லவனா இருக்கறதுதான் கஷ்டம். கெட்டவன்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருவேன்.”

“பின்ன என்ன?”

“கூட்டிட்டுப் போயிருவான்ல? அப்பறம் நானும் தெரசாவும் அவள போன்லதான் பாக்கணும். ரென்சோவ அப்பிடித்தான் பாத்தேன். இத்தன வருசம்... ஒரு நாளாவது பக்கத்துல பாத்திருக்கேனா? அவனுக்கு அது போதும். எம் பொண்ண அப்பிடிப் பாத்தா எனக்குப் பத்தாதுப்பா.”

இன்றைக்கு யாங்கோனில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, அல்லது போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டு அப்பாக்களில் ஒருவருக்கும் என்னால் இதுவரை ஆறுதல் சொல்ல முடிந்ததில்லை. அருளுக்கு மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறேன்?

சொன்னது ஸ்டெல்லா. காலிக் கோப்பைகளை எடுக்க வந்தவள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வீட்டில் பாதிக்குமேல் பர்மிய மொழியில் பேசுகிற பெண், அன்றைக்கு முழுக்கத் தமிழில் பேசினாள்.

“அப்பா, ரென்சோ இங்கிலாந்த விட்டுப் போனப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணுனேன்?”

“செவப்பு மேஜைல இருந்து எந்திரிச்சு வந்தீங்க. கட்சி மாறின்னு எல்லாரும் திட்டுனாங்க. அம்மாட்ட வந்து சொல்லி வருத்தப்பட்டீங்க. ஆனா திரும்பிப் போயி உக்காரல. அவன் யாருப்பா நமக்கு? அவன் பின்னாடி எத்தன மேஜை மாறுனீங்க!” குரல் உடைந்தது. “எனக்காக ஒரு மேஜை மாற மாட்டீங்களா?”

அருள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையிலிருந்த கோப்பைகளை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போனார். டேனியலின் எதிரே உட்கார்ந்தார்.

“கிறிஸ்மஸ்ஸுக்கு வந்துரணும். ரெண்டு பேரும்.”

“வந்துருவோம், ஊலே.”

“ரென்சோவே கடைசில ஊருக்குத்தான் வந்தான்.”

டேனியல் குழம்பிப்போனான். “யாரு ஊலே ரென்சோ?”

பையனுக்குக் கால்பந்து தெரியாதாம்! அருள் ஒரு கணம் தெரசாவைப் பார்த்தார், சம்மதத்தை வாபஸ் வாங்கலாமா என்பதுபோல். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். தெற்கு இத்தாலியில் கடலோரமாக ஒரு சின்ன ஊர்... டேனியலின் அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். அந்தப் பையன் மட்டும் கடைசிவரை கேட்டான். துருக்கிச் சம்பளக் கதை வந்தபோது, “அவரு என்ன பண்ணுவாரு பாவம்” என்றான். அருள் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நேற்றுச் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். உள்ளே ஒரே கூச்சல். சிவப்பு மேஜையும் நீல மேஜையும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. காரணம் அருள். முக்காலியைத் திருப்பி, டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் ரிமோட். திரையில் இந்தக் கடையில் யாருமே கேள்விப்படாத இரண்டு டீம்கள் ஆடிக்கொண்டிருந்தன.

“என்ன அருள் இது?” என்றேன்.

“தாய்லாந்து லீக்” என்றார், திரும்பாமல். “அந்த வெள்ள ஜெர்சி பாங்காக். எம் பொண்ணு டீம்.”