வஜ்ரம் பூசின மான் கொம்பு

ஹார்பர்ல மானுக்கே வைத்தியம் பாத்த ஆளு நானு. சும்மா சொன்னேன், பொய்யி. வைத்தியம்லாம் இல்ல. மான் தலைல பசை தடவினேன், அவ்ளோதான்.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசு, அறுவத்தாறாம் வருஷமோ ஏழோ. வெளிநாட்டு ஜூவுக்குக் கப்பலேற ஏழு புள்ளிமான் வந்து ஷெட்டுல நின்னுச்சு. ஆறு பொட்டை, அதுங்களுக்குக் கொம்பே கெடையாது. ஒரே ஒரு கடா, கொம்பு என் கை நீளம். யாரோ வூட்ல வளத்த மானாம், ஆளைக் கண்டா பயமில்ல. நான் எருமை கறந்தவன்றதால தீனி போடுற வேலைய என் தலைல கட்னாங்க.

மேஸ்திரி மொத நாளே சொல்ட்டாரு: "டேய், ஒரு கீறல் வுழுந்துச்சு, உன் கேட் பாஸைப் புடுங்கிடுவேன்." பாஸு போனா ஹார்பருக்குள்ளயே நுழைய முடியாது. வூட்ல அவ மாசமா கீறா.

நாலாம் நாளு புல்லு போடப் போனா, கடா வழிய மறிச்சிகினு நிக்குது. எருமைய நகத்துற மாரி கொம்பைப் புட்ச்சு லேசா தள்னேன். கொம்பு கைலயே வந்துடுச்சு! அது இருந்த எடத்துல வட்டமா ரத்தம். மான் பாட்டுக்குப் புல்லு தின்னுகினு கீது.

எருமைக் கொம்பு ஒடஞ்சா மறுபடி மொளைக்காது. எனக்குத் தெரிஞ்ச படிப்பு அது ஒண்ணுதான். பொட்டி அடிக்கிற ஆசாரியாண்ட வஜ்ரப் பசை வாங்கிக் காச்சி, கை பொறுக்குற சூட்டுக்கு ஆறவச்சு ஒட்டி, கோணிக் கயிறால கட்னேன். மான் ஒரு உதறு வுட்டுச்சு. ஒட்ன கொம்பும் வுழுந்துச்சு, நான் தொடாத அந்தாண்டக் கொம்பும் வுழுந்துச்சு.

அப்ப பாத்து மேஸ்திரி வந்தாரு. என் பாஸைப் புடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுகினாரு. மிருக டாக்டரைக் கூட்டியாந்தாரு.

"சார், இத்த நான் ஒடச்சேன். அத்த அதுவே ஒடச்சிகிச்சு"ன்னேன்.

டாக்டரு கொம்போட அடியத் தடவிப் பாத்து சிரிச்சாரு. "ஒடையலய்யா, உதிர்ந்திருக்கு. மாட்டுக்கு ஆயுசுக்கும் ஒரே கொம்பு. மானுக்கு வருஷா வருஷம் விழும், புதுசா முளைக்கும். முளைக்கிறப்ப மேல வெல்வெட்டு மாதிரி தோலு, உள்ள ரத்தம் ஓடும். முத்தினதும் மரத்துல தேச்சுத் தோலை உரிச்சுடும்."

"அப்ப மானுக்கு ஒண்ணுமில்லியா சார்?"னாரு மேஸ்திரி.

"இருக்கே! தலையெல்லாம் வஜ்ரம். அதுக்கு வந்த ஒரே வியாதி இந்தாளுதான்."

மேஸ்திரி பாஸைத் திருப்பிக் குடுத்தாரு. "வெந்நி எட்த்துகினு போய்த் தொடை, நைனா."

வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்கு நான் சொல்றது இதான்: ஒடஞ்ச மாரி தெரிஞ்சா மொதல்ல கேளு, அப்பால பசையக் காச்சு.

கப்பல் லேட்டு. பத்து நாள்ல அந்த எடத்துல மெத்துமெத்துனு ரெண்டு மொட்டு. விரல வச்சா சுடச்சுட கீது. மேஸ்திரியக் கூப்ட்டு, "நீயும் தொட்டுப் பாரு மாமு"ன்னேன். அவரு குனிஞ்சு கைய நீட்னாரு, அந்த நேரம் பாத்து மான் அவரு கைய நக்கிச்சு பாரு... இரு, வூட்ல கூவுறா. தண்ணி லாரி வந்துடுச்சாம்.