எட்டுப் பற்றரிகள்

மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போதுதான் மாமாவின் மண்வெட்டியில் அது தட்டுப்பட்டது. இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வட்டக்கச்சிக்குத் திரும்பி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஏழு வயது. தடித்த பொலித்தீனைப் பிரித்தபோது உள்ளே, முதுகில் சுமக்கும் போர்க்காலத் தொலைத்தொடர்புக் கருவி இருந்தது. ‘செற்’ என்பார்கள். யார் புதைத்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒப்படைத்தால் கேள்வி வரும். வைத்திருந்தால் அதைவிடப் பெரிய கேள்வி வரும். மாமாவோ தடுப்பு முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஞாயிறுதோறும் இராணுவத்தினரிடம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டியவர்.

“கொண்டுபோய்க் குளத்துக்குள்ள போடு. இப்பவே,” என்றார் அம்மா.

“மூண்டு நாள் தா அக்கா. உயிர் இருக்கோ எண்டு பாத்திட்டுப் போடுறன்.”

“முதல்ல உன்ர உயிரைப் பார்.”

மாமா ரேடியோ திருத்துபவர். குசினிக்குப் பின்னால், விறகுக் குவியலின் மறைவில் வேலை நடந்தது. பச்சை பூத்த செப்பு முனைகளைத் தேசிக்காய்ச் சாற்றால் துடைத்தார். மின்சாரம் இன்னும் வராததால் ஈயம் ஒட்டும் கம்பியை அடுப்புத் தணலில் சூடாக்கினார். நாய் குரைத்தால் செற்றின்மேல் சாக்கு விழும். அம்மா திட்டிக்கொண்டே தணலை ஊதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், எட்டுப் பற்றரிகள் வேண்டும் என்று மாமா சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டில் இருந்தவையெல்லாம் தீர்ந்துபோனவை. சண்டைக் காலத்தில் பற்றரி கிடைக்காதபோது எல்லா வீடுகளிலும் செய்ததை நான் அறிவேன்: வெயிலில் வைத்தால் செத்த பற்றரி கொஞ்சம் பிழைக்கும். யாரும் கேட்காமலே, முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில் எட்டையும் வரிசையாக அடுக்கினேன். பெருமையோடு நிமிர்ந்தபோது வாசல் படலையடியில் இரண்டு இராணுவத்தினர் நின்றார்கள்.

குடும்பப் பதிவுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தடுமாறிய தமிழில் பெயர்களை வாசித்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மாவின் பெயர் வந்ததும் அம்மா, “காணேல்லை,” என்றார். அவர் அதற்கு நேரே ஒரு கோடு போட்டார். பிறகு பாயைப் பார்த்தார்.

“ஏன் இவ்வளவு பற்றரி?”

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது, நகம் பதிந்தது. விறகுக் குவியலைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக நான் என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா சிரித்தபடி வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் செத்த பற்றரி, ஐயா. ரெண்டு போடுற ரேடியோவுக்கு எட்டுப் போட்டாத்தான் முனகும்.”

கொப்பித் தாளில் எட்டையும் குழலாகச் சுருட்டி வயர் தொடுத்து, குமிழைத் திருப்பினார். மெலிந்த குரலில் ஒரு சிங்களப் பாட்டு எழுந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் அடுத்த அடியை முணுமுணுத்தபடியே படலையைக் கடந்தார். அவர்கள் ஒழுங்கையில் மறையும்வரை மாமாவின் விரல்கள் குமிழிலிருந்து விலகவில்லை.

“போதுமடா. இப்ப கொண்டுபோ,” என்றார் அம்மா.

“ஒருக்கா, அக்கா. ஒரேயொருக்கா.”

அதே குழலைச் செற்றில் பொருத்தினார். சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் எதையும் தேடவில்லை. கை நேராக ஓர் அலைவரிசை இலக்கத்துக்குப் போய் நின்றது. தகரத்தில் மழை விழுவதுபோன்ற இரைச்சல் மட்டும் வந்தது. திட்டுவார் என்று நான் எதிர்பார்த்த அம்மா, மாமாவின் பக்கத்தில் குந்தியிருந்து காதைச் சாய்த்தார்.

“மாமா, பாட்டு வராதோ?”

“இதில பாட்டு வராது, பிள்ளை.”

“பின்ன என்னத்தைக் கேக்கிறியள்?”

இருவரும் இன்னும் நெருங்கிக் குனிந்தார்கள். பற்றரி ஓயும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்.

மாலையில் மாமா சாக்குடன் குளத்துக்குப் போய், வெறுங்கையுடன் திரும்பினார்.

“மாமாவுக்கு அதைத் திருத்தத் தெரியேல்லை, என்னம்மா?” என்று கேட்டேன்.

அம்மா மிளகாயை அள்ளிக்கொண்டே, “ஓம்,” என்றார்.

சின்னம்மாவின் குரலை மாமா கடைசியாகக் கேட்டது அப்படியொரு செற்றில், அதே இலக்கத்தில் என்பதை அறியும்வரை, பல ஆண்டுகளாக நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.