ஒரு நாள் நீங்கலாக

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வைத்திக்குப்பம் கரையில் நின்ற புதுப் படகுகளில் ஒன்றுகூட வெறுமையாக இல்லை. கொடுத்த சங்கத்தின் பெயரும் ஊரும் சின்னமும் பக்கவாட்டில் எழுதியிருக்கும். எங்கள் படிப்பகத்துக் குழல்விளக்கிலும் 'உபயம்' என்று தொடங்கி ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. கொடுப்பவர் பெயர் போட்டுக்கொள்வார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழக்கம். அதனால் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தவர், "மேல்தளத்த நான் மாத்தித் தர்றேன் சார், என் பேரு மட்டும் எங்கயும் வேணாம்" என்றதும் எனக்கு நெருடியது.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாலையில் படிப்பகத்தின் செயலாளர். உள்ளூர் நாளிதழ் ஒன்றை மாதத்துக்கு ஒரு பைண்டாகக் கட்டி, பின்னறை முழுக்க அடுக்கி வைத்திருந்தோம். அந்த வரிசையில் விட்டுப்போன நாள் எதுவும் கிடையாது என்பது என் பெருமை. ஆனால் தளம் ஒழுகியது. போன ஐப்பசி மழையில் ஓரத்து அடுக்கில் வைத்திருந்த பைண்டுகளை வெயிலில் விரித்து, விசிறிக்குக் கீழே புரட்டி, ஒருவழியாகக் காப்பாற்றினேன். இன்னொரு மழையை அவை தாங்காது.

வந்தவர் எங்கள் பகுதிக்காரர்தான். மில் தொழிலாளியின் மகன். இஞ்சினியரிங் படித்து அமெரிக்கா போனவர். லட்சம் பக்கங்கள் இருந்தாலும் ஒரு சொல்லைத் தட்டினால் அது இருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து, கம்பெனி வைத்து, கம்பெனியை விற்றுவிட்டுத் திரும்பியிருந்தார். கனகசெட்டிக்குளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கழிப்பறை இருந்தது, பெயர் இல்லை.

எங்கள் பொருளாளர் மில்லில் நூற்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயை அடைக்க யாராலும் ஆகாது. "இன்னாப்பா இது, கோடீஸ்வரன் வாடகை சைக்கிள்ல வர்றான்? ஒண்ணு பணம் பொய்யா இருக்கணும், இல்ல சைக்கிள் பொய்யா இருக்கணும்" என்றார்.

தளத்தோடு இன்னொன்றையும் செய்வதாக வந்தவர் சொன்னார். நாளிதழ்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து, செய்திகளின் தலைப்பையும் அதில் வரும் பெயர்களையும் தட்டச்சு செய்து, குறுந்தகடுகளாக லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பது. எங்களுக்கும் ஒரு பிரதி. நான் கனவில்கூடக் கேட்டிராத உதவி. அதுவே என் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது.

வேலை தொடங்குமுன் அவர் பல நாள் வந்து பைண்டுகளைப் புரட்டினார். யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைப்பது என் பழக்கம். என் டைரிப்படி அவர் ஒரே மாதத்து பைண்டை மூன்று முறை வாங்கியிருக்கிறார். மூன்றாம் முறை அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடு பட்ட இடம் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தேன். எதுவும் வெட்டப்படவில்லை. ஆனால் உள்பக்கத்தில் எட்டு வரிச் செய்தி ஒன்று இருந்தது: மில்லிலிருந்து நூல் கடத்தியதாக மூவர் கைது. முதல் பெயர் அவருடைய அப்பா பெயர்.

பொருளாளரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "ஆமா, சைஸிங்ல, நூலுக்குக் கஞ்சி போடுற எடத்துல இருந்தான். கேசு நிக்கல, விட்டுட்டாங்க. ஆனா வேலை போனது போனதுதான்."

"விட்டுட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சாண்ணே?"

"விட்டதையெல்லாம் யாருப்பா போடுவான்?"

அடுத்த மூன்று வருஷத்து பைண்டுகளைத் தேடினேன். வரவில்லை.

ஆடியில் ஸ்கேன் வேலை தொடங்கியது. இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் வந்து செய்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "சார், நாங்க பேப்பரைத் தின்ன மாட்டோம்" என்றாள் ஒருத்தி. புரட்டாசியில் தளமும் முடிந்தது, குறுந்தகடுகளும் வந்தன. ஒவ்வொரு நாளாக பைண்டோடு ஒப்பிட்டேன். பதினோராம் மாலையில் கண்டுபிடித்தேன். பைண்டில் அந்த எட்டு வரி வந்த நாள் பத்திரமாக இருந்தது. குறுந்தகட்டில் முந்தைய நாளுக்கு அப்புறம் நேராக மறுநாள்.

அடுத்த ஞாயிறு அவர் தளத்தைப் பார்க்க வந்தார். மாடியில் வைத்துக் கேட்டேன்.

"ஒரு நாள் விட்டுப்போச்சு."

அவர் எந்த நாள் என்று கேட்கவில்லை. "விட்டுப்போகல சார். நான்தான் தகட்டுலேருந்து எடுக்கச் சொன்னேன்."

"இதுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சீங்களா?"

"அப்படித்தான் நெனப்பீங்க." கைப்பிடிச் சுவரின் புதுப் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "பேப்பர்ல இருக்கட்டும் சார். ஒருத்தன் இங்க வரணும், உங்களைக் கேக்கணும், பைண்டைத் தூக்கணும். அவ்வளவு அக்கறை இருக்கறவன் விட்டுட்டாங்களான்னும் விசாரிப்பான். பேரைத் தட்டுறவன் விசாரிக்க மாட்டான். அதை செஞ்சு வித்தவன் நான், எனக்குத் தெரியும். எங்கம்மா இன்னும் அதே வீட்லதான் இருக்காங்க."

ஆனால் பிறர் பெயர்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தகடுகளில் இருந்தன. அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பார்கள். அதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், மறுக்கவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'இது முழுமையான நகல் எனச் சான்றளிக்கிறேன்' என்று அச்சிட்டு, கீழே செயலாளர் கையொப்பம் கேட்டிருந்தது.

"போடுப்பா கையெழுத்த. அவன் போட்ட தளத்துக்குக் கீழ உக்காந்துக்கினு யோசிக்கிற" என்றார் பொருளாளர்.

நான்கு நாள் அது என் பையிலேயே கிடந்தது. கையெழுத்துப் போட்டால் என் வரிசை பொய். எந்த நாள் என்று குறிப்பிட்டால் அவர் அம்மாவின் வாசலுக்கு நானே வழி காட்டியவன் ஆவேன். ஐந்தாம் நாள் 'முழுமையான' என்பதற்கு முன்னால் 'ஒரு நாள் நீங்கலாக' என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, அனுப்புமுன் அவரிடம் காட்டினேன்.

"இப்படி எழுதினா எந்த நாள்னு தேடுவாங்களே சார்."

"தேடட்டும். பேப்பர் இங்க இருக்கு."

"நீங்க?"

"நானும் இங்கதான் இருக்கேன்."

அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் சொன்னதற்காக வருத்தமா, நிம்மதியா என்று முகத்தில் தெரியவில்லை. அவர் அப்பாவுக்காக வந்தாரா, எங்கள் பைண்டுகளுக்காக வந்தாரா என்பதும் இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. மார்கழி வரை பெய்த மழையில் பின்னறையில் ஒரு சொட்டு விழவில்லை.

தை மாதம் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். பணிவானவர், கையில் அந்தப் படிவத்தின் நகல்.

"அது எந்த நாள் சார்?" என்றார்.

நான் டைரியைத் திறந்து அவர் பெயரை எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன்: "உங்களுக்கு எதுக்கு?"